மூலிகையோடு வரும் களை

இருமலுக்குக் கற்பூரவல்லி, காய்ச்சலுக்கு நிலவேம்பு, வயிற்றுப் பொருமலுக்கு ஓமத் தண்ணீர் என்று வளர்ந்தவர்கள் நாம். கஷாயத்தின்மேல் எனக்கு இன்றும் நம்பிக்கை உண்டு. ஆனால் 'இயற்கையானது, கெடுதல் செய்யாது' என்று யாராவது சொன்னால் மனம் ஒப்புவதில்லை. நஞ்சும் இயற்கை தந்ததுதானே.

மானாவாரிக் காட்டோரம் கிலுகிலுப்பைச் செடியைப் பார்த்திருப்பீர்கள். முற்றிக் காய்ந்த அதன் உப்பிய காயைக் காதருகே ஆட்டினால் உள்ளே விதைகள் கலகலக்கும். அந்த இனத்துச் செடிகள் பலவற்றில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்னும் நஞ்சு இருக்கிறது. தேள்கொடுக்குச் செடியிலும் உண்டு. பூச்சியும் கால்நடையும் தன்னை மேய்ந்துவிடாமலிருக்கச் செடி தேடிக்கொண்ட காவல் அது. நம் உடம்புக்குள் போனதும் ஈரல் அதைச் சிதைக்கப் பார்க்கிறது. அப்போதுதான் அது வீரியமுள்ள பொருளாக மாறி, ஈரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களைப் புண்ணாக்கி அடைத்துவிடுகிறது. கொதிக்கவைத்தால் போய்விடும் நஞ்சும் அல்ல.

ஜமைக்காவில் காட்டு இலைகளைக் காய்ச்சிய 'புஷ் டீ'யைப் பிள்ளைகளுக்குப் புகட்டுவது வழக்கம். அங்கே வயிறு வீங்கி, ஈரல் பெருத்து வந்த குழந்தைகளை கெரிட் பிராஸ் முதலான மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். ஈரலின் சிறு சிரைகள் அடைபடும் இந்த நோயை 1954-ல் விவரித்து எழுதினார்கள். சந்தேகம் புஷ் டீயில் சேர்ந்த கிலுகிலுப்பை இனச் செடிகளின்மேல் விழுந்தது. பிள்ளை தேறவேண்டும் என்றுதான் அந்தத் தாய்மார்கள் காய்ச்சிக் கொடுத்தார்கள். நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1970-களில், இன்று சத்தீஸ்கரில் இருக்கும் சர்குஜா பகுதியில், சிறுதானியத்தோடு கிலுகிலுப்பை இன விதைகள் கலந்து வந்தன. அதை உண்டவர்களின் ஈரல் கெட்டுப் பலர் இறந்தார்கள். தானியத்தில் குற்றமில்லை, கூடவே விளைந்த களைதான் எமனாயிற்று.

மூலிகைத் தேநீரிலும் பெரும்பாலும் இதே கதைதான். 2013-ல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் கெமோமைல் (சீமைச்சாமந்தி), புதினா வகைத் தேநீர்கள் சிலவற்றில் இந்த நஞ்சைக் கண்டது. அந்தச் செடிகள் இந்த நஞ்சைச் சுரப்பவை அல்ல. அறுவடையில் சேர்ந்து அறுபட்ட களைகளிலிருந்து வந்தது அது. ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு விதித்தது; 2022 ஜூலை முதல் காய்ந்த கெமோமைலில் கிலோவுக்கு 400 மைக்ரோகிராம், குழந்தைகளுக்கான காய்ந்த மூலிகைத் தேநீர்ப் பொருளில் 75. வரம்பு வந்ததும் வயலில் களை பறிப்பது வெறும் விளைச்சல் விஷயமாக இல்லாமல், குடிப்பவரின் உயிர் விஷயமாயிற்று.

ஒரு கோப்பை குடித்தவருக்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது. வருஷக்கணக்காக, ஒரே மூலிகையை, தினமும் குடிப்பதில்தான் கவலை. அதனால் மாற்றி மாற்றிக் குடிப்பது நல்லது. பச்சிளம் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ஈரல் நோய்க்காரர்கள் தாங்கள் குடிக்கும் கஷாயத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்காமல் இலையாக வாங்கினால், என்ன செடி என்றாவது பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கண்ணுக்குப் புலப்படாத அளவை வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. களை பறிப்பவரும், சோதித்து விற்பவரும், வரம்பு வைத்துக் கண்காணிக்கும் அரசும் சேர்ந்து காக்கவேண்டியது அது. மூலிகையை மதிக்கிறவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும்.