முட்டையும் உயிரும்

சிறுபோகக் காலத்து வெய்யிலில் மட்டக்களப்பு வாவியின் நீர் பின்வாங்க, படுவான்கரையோரச் சேற்றுத்தரை காய்ந்து வெடிக்கும். அத்தகைய வெறுந்தரையில் அமைந்த சிறு குழியே ஆட்காட்டியின் கூடு. அதனுள் வழக்கமாக நான்கு முட்டைகள் இருக்கும். ஆளரவங் கேட்டதும் அப்பறவை எழுந்து, தலைக்குமேல் வட்டமிட்டுக் கூக்குரலிடும். வயலுக்குச் செல்வோர்க்கு அது வெறும் இரைச்சல். பறவைக்கோ தன்னுயிரைப் பணயம் வைக்கும் செயல். நண்பகல் வெம்மையில் முட்டைகள் கெடாதவாறு, வயிற்றிறகுகளை நீரில் நனைத்து வந்து அவற்றைக் குளிர்விப்பதும் உண்டு. தான் இரை தேடியிருக்கக்கூடிய பொழுதன்றோ இங்ஙனம் கழிகின்றது!

முட்டைகள் ஏன் நான்கு? ஆறு ஆகாதா? பெற்றோர் ஊட்டி வளர்க்கக்கூடிய குஞ்சுகளின் தொகையே முட்டைகளின் தொகையை வரையறுக்கின்றது என்றார் டேவிட் லாக் (1947). அழகிய விளக்கந்தான், ஆயின் ஆட்காட்டிக்கு அது முழுமையாகப் பொருந்தாது. அதன் குஞ்சு பொரித்த சிறிது நேரத்திலேயே நடந்து தானே இரை பொறுக்கும். பெற்றோர் அதற்கு ஊட்டுவதில்லை. அடைகாத்தலும் காவலுமே அவற்றின் சுமை. 1966இல் ஜோர்ஜ் வில்லியம்ஸ் இக்கணக்கில் மற்றொன்றையுஞ் சேர்த்தார். அது பெற்றோரின் எஞ்சிய ஆயுள். இவ்வாண்டு மிகையாகச் செலவிடும் உடல் அடுத்த ஆண்டைக் காணாது போகலாம்.

ஒல்லாந்தில் செவ்வல்லூறுகளின் கூடுகளில் இவ்விரண்டு குஞ்சுகளை மிகுதியாக வைத்துப் பார்த்தனர். 1996இல் வெளியான அவ்வாய்வின்படி, பின்னர் இறந்தனவென அறியப்பட்ட பெற்றோர்ப் பறவைகளுள், மிகைச்சுமை தாங்கியவற்றில் 60 வீதமானவை முதற் பனிக்காலம் முடியுமுன்பே மடிந்திருந்தன. ஏனையவற்றில் அவ்விகிதம் 29 வீதமே. அவை குஞ்சுகளைக் கைவிடவில்லை, கூடுதலாய் உழைத்தன. அன்பின் மிகுதி என்று சொல்லத் தோன்றும். அதற்குரிய விலையை உடல் செலுத்தியது என்பதே பொருத்தம்.

இச்செலவைச் சுருக்கப் பறவையுடல் கைக்கொள்ளும் வழிகள் பல. பெரும்பாலான பெண்பறவைகளில் இடப்பக்கச் சூலகம் ஒன்றே தொழிற்படும். இனப்பெருக்கப் பருவங் கழிந்ததும் ஆண், பெண் இரண்டினதும் இனவுறுப்புகள் வெகுவாகச் சுருங்கிவிடும். பறத்தலே வாழ்வாயுள்ள உடலுக்கு வேண்டாப் பாரம் எதற்கு?

மாரியில் வாவிக்கு வரும் வளையலகு உள்ளான்களின் நிலையும் இதுவே. வட சைபீரியாவில் முட்டையிடும் அவை, இங்கு உண்பதும் இறகுதிர்த்துப் புதுப்பிப்பதுமாய் உயிர்பேணலையே தொழிலாகக் கொள்ளும். வடக்கே மீளும் வேளை வந்ததும் முதிர்ந்தவை புறப்படும். முதலாண்டு இளம்பறவைகளிற் பல அக்கோடையில் வடக்கே செல்வதில்லை. முட்டையின்றி ஓராண்டைக் கழித்துத் தென்கரைகளிலேயே தங்கிவிடுகின்றன.