திருக்கடையூருக்கு வீட்டையே இழுத்துக்கிட்டுப் போகலாமா? ‘ஐந்தாம் சக்கர’ டிரெய்லர் ஆசையும் டெல்டா சாலையும்!

திருக்கடையூர் சந்நிதித் தெருவில் விடிவதற்கு முன்பே வேன்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். கதவு திறந்ததும் முதலில் குதிப்பவர்கள் பேரக்குழந்தைகள். அடுத்து பூக்கூடை, சீர்வரிசைத் தட்டு, தண்ணீர் கேன். எல்லோரும் இறங்கிய பிறகு, இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க மெதுவாக இறங்குவார்கள் அன்றைய மாப்பிள்ளையும் பெண்ணும். வயது அறுபதாக இருக்கலாம், எண்பதாகவும் இருக்கலாம்.

மார்க்கண்டேயனுக்காக எமனை சிவபெருமான் காலால் உதைத்த தலம் என்பது நம்பிக்கை. அதனால்தான் அமிர்தகடேஸ்வரர் - அபிராமி சந்நிதியில் 60 நிறைந்தவர்களுக்கு சஷ்டியப்தபூர்த்தி, 70-ல் பீமரத சாந்தி, 80-ல் சதாபிஷேகம் என ஆண்டு முழுக்கக் கல்யாணம் நடக்கிறது. மாலையும் கழுத்துமாக நிற்கும் தாத்தா பாட்டிகளைப் பார்த்தாலே மனசு நிறைந்துவிடும். ஆனால், அவர்களை இங்கே அழைத்து வருவது இருக்கிறதே... அதுதான் பெரும்பாடு!

சென்னையிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர். எங்கள் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வேனில் வந்தபோது, பாட்டி வழி நெடுகத் தண்ணீரே குடிக்கவில்லை. காரணம் எல்லாக் குடும்பத்துக்கும் தெரிந்ததுதான். வழியில் சுத்தமான கழிவறை கிடைக்குமா என்ற பயம். முகூர்த்த நாளில் அறை கிடைப்பதும் குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் இரண்டாவது மாடி என்பார்கள். முட்டிவலிக்காரர்கள் என்ன செய்வார்கள்?

இந்தக் கஷ்டத்துக்கு நடுவேதான் குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் அந்த வீடியோக்கள் வருகின்றன. அமெரிக்காவில் ஒரு வயதான தம்பதி, பிக்கப் டிரக்கின் பின்னால் ஒரு முழு வீட்டையே மாட்டி இழுத்துப் போகிறார்கள். உள்ளே கட்டில், சமையலறை, குளியலறை எல்லாம் இருக்கிறது. “ரிட்டயர் ஆனதும் நாமும் இப்படி ஒண்ணு வாங்கிடலாமா?” என்று அப்பாக்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தமிழக அரசுப் பணியில் ஓய்வு வயது 2021-லிருந்து 60. அறுபதாம் கல்யாணமும் பணிக்கொடைப் பணமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகின்றன. அதனால் இது விளையாட்டுக் கேள்வி இல்லை. ஆயுள் சேமிப்பு சம்பந்தப்பட்டது.

அதென்ன ஐந்தாம் சக்கரம்?

அந்த வீடியோவில் வரும் வண்டிக்குப் பெயர் ‘ஃபிஃப்த் வீல்’ டிரெய்லர். குதிரை வண்டிக் காலத்தில், முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக நான்கு சக்கரங்களுக்கு மேலே படுக்கைவாட்டில் ஒரு வளையம் வைத்திருந்தார்கள். அதுதான் ஐந்தாம் சக்கரம். விமானத் துறை முன்னோடி கிளென் கர்ட்டிஸ் 1920-களில் ‘ஏரோகார்’ என்ற சொகுசு டிரெய்லரை இந்த முறையில்தான் காரோடு இணைத்தார்.

சாதாரண டிரெய்லரை வண்டியின் பின்பக்கக் கொக்கியில் மாட்டுவார்கள். ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் மூக்கு, பிக்கப்பின் பின்தொட்டிக்கு மேலேயே ஏறி உட்காரும். அதன் அடியில் இருக்கும் ‘கிங் பின்’ தொட்டியில் பொருத்திய தட்டில் பூட்டிக்கொள்ளும். நம் ஊர் நெடுஞ்சாலைகளில் கன்டெய்னர் ஏற்றிவரும் நீளமான டிரெய்லர் லாரிகளைப் பார்த்திருப்பீர்களே... அதே டெக்னிக்தான்.

முன்பாரம், பின்பாரம்

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டியதில்லை. டெல்டாவில் மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர்களைக் கேட்டாலே போதும். நெல் மூட்டையை வண்டியின் பின்பக்கம் அதிகமாக அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கும். முன்பக்கம் அதிகமானால் மாட்டின் கழுத்தை அழுத்தும். இரண்டுக்கும் நடுவே சரியாக நிறுத்துவதுதான் வண்டிக்காரரின் சாமர்த்தியம்.

டிரெய்லர் வீட்டுக்கும் இதே கணக்குதான். கொக்கியில் மாட்டும் டிரெய்லர் என்றால், அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் இழுக்கும் வண்டியின் மேல் இறங்க வேண்டும். ஃபிஃப்த் வீலில் 15 முதல் 25 சதவிகிதம். பின்பாரம் அதிகமானால் வேகத்தில் டிரெய்லர் வால்போல ஆடத் தொடங்கும். இழுக்கும் வண்டியையே அது கவிழ்த்துவிடலாம்.

ஃபிஃப்த் வீலில் பாரம் பிக்கப்பின் பின் அச்சுக்கு நேர் மேலேயோ, சற்று முன்னாலேயோ விழுவதால் இந்த ஆட்டம் குறைவு. அதனால்தான் பெரிய வீடுகளுக்கு இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 டன் டிரெய்லர் என்றால், 20 சதவிகிதம் 1,000 கிலோ. அவ்வளவையும் பிக்கப் தன் முதுகில் தாங்கிக்கொண்டே 5 டன்னையும் இழுக்க வேண்டும். இங்கே குடும்பங்கள் வாங்கும் இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற டபுள் கேபின் பிக்கப்கள் அந்தப் பாரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றின் பின்தொட்டியும் சிறியது.

சந்நிதித் தெருவில் திரும்புமா?

ஃபிஃப்த் வீல் டிரெய்லர்கள் பெரும்பாலும் 25 முதல் 40 அடி நீளம். உயரம் 12, 13 அடி. தேசிய நெடுஞ்சாலையில் சிரமமில்லாமல் வந்துவிடலாம். அதைவிட்டு உள்ளே திரும்பினால் தாழ்வான மின்கம்பிகள், சாலைக்குக் குடைபிடிக்கும் மரங்கள், குறுகலான வாய்க்கால் பாலங்கள். வளைவில் டிரெய்லரின் பின்சக்கரங்கள் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். தேரைத் திருப்புவதற்கு முட்டுக்கட்டை போட ஆள் இருப்பார்கள். டிரெய்லருக்கு யார் இருக்கிறார்கள்?

பருவத்தையும் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வயலோரம் ஓரங்கட்டினால் டெல்டா களிமண் சக்கரத்தை விழுங்கிவிடும். தை, மாசியில் சம்பா அறுவடை. சாலையிலேயே பாதி அகலத்துக்கு நெல் காயும். எதிரே டிராக்டர் டிரெய்லர்கள் வரும். அந்த டிராக்டர் ஓட்டுநர்கள் நெல் கொள்முதல் நிலைய வாசலில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பதை ஒருமுறை நின்று பாருங்கள். டிரெய்லர் இடப்பக்கம் போக ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். அவர்களுக்கு அது கைவந்த கலை. அறுபது வயதில் புதிதாகப் பழகுவது அவ்வளவு சுலபமில்லை.

ரயிலில் வரலாமே என்றால், மயிலாடுதுறை - தரங்கம்பாடி பாதையில் திருக்கடையூருக்கே ஒரு ஸ்டேஷன் இருந்தது. 1926-ல் வந்த அந்தப் பாதை 1986-ல் மூடப்பட்டுவிட்டது. இப்போது மயிலாடுதுறையில் இறங்கி, மேலும் 20 கிலோமீட்டருக்கு மேல் சாலையில்தான் வர வேண்டும்.

பாட்டிக்கு எது வசதி?

ஒரு முக்கியமான விஷயத்தை வீடியோக்களில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஓடும்போது டிரெய்லருக்குள் ஆள் உட்காரக் கூடாது. பாட்டி முன்னால் பிக்கப்பில்தான் உட்கார வேண்டும். கழிவறை வேண்டுமென்றால் மொத்த வண்டியையும் நிறுத்த இடம் தேட வேண்டும்.

இன்ஜினும் வீடும் ஒன்றாக இருக்கும் ‘மோட்டார் கேரவன்’ என்றால் சீட் பெல்ட் போட்ட இருக்கையில் பாட்டி வரலாம். சாலையோரம் இரண்டு நிமிடம் நிறுத்தினால் போதும், கழிவறை பத்தடியில் இருக்கும். ஆக, பெரியவர்களோடு கோயில் பயணம் என்றால் டிரெய்லரைவிட இதுதான் பொருத்தம்.

டிரெய்லருக்கும் ஒரு லாபம் உண்டு. ஓரிடத்தில் கழற்றி நிறுத்திவிட்டு, பிக்கப்பில் மட்டும் ஊர் சுற்றலாம். ஆனால், நிறுத்தும் இடத்தில் குடிநீர், மின்சாரம், கழிவுநீரை முறையாக வெளியேற்றும் வசதி மூன்றும் வேண்டும். கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து, 2022-ல் வாகமண்ணில் முதல் கேரவன் பார்க்கைத் திறந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றிருக்கிறது. திருக்கடையூர், வைத்தீஸ்வரன்கோவில், பூம்புகார், தரங்கம்பாடி என அடுத்தடுத்து ஊர்கள் இருக்கும் இந்தப் பகுதியில் அப்படி ஒரு பார்க் வந்தால், வயதானவர்களுக்குப் பெரிய உபகாரம்.

ஆசை விடவில்லை என்றால்...

* முதலில் வாடகைக்கு எடுத்து மூன்று நாள் வாழ்ந்து பாருங்கள். பணிக்கொடைப் பணத்தை எடுப்பது அதற்குப் பிறகு.

* டிரெய்லரின் காலி எடையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 200 லிட்டர் தண்ணீர் என்றால் கூடுதலாக 200 கிலோ. கேஸ், பாத்திரம், கட்டில் எல்லாம் சேர்த்து எடைமேடையில் ஏற்றுங்கள்.

* முதலில் டிரெய்லரைத் தேர்ந்தெடுங்கள். அதை இழுக்கும் வண்டி அடுத்தது. வண்டி கையேட்டில் போட்டிருக்கும் இழுவைத் திறனைத் தாண்டவே கூடாது.

* டிரெய்லருக்குத் தனி பிரேக் அவசியம். பூட்டிய பிறகு, பாதுகாப்புச் சங்கிலி, பிரேக் விளக்கு, டயர் காற்று மூன்றையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

* டிரெய்லருக்கும் பதிவு எண் வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

* கழிவுத் தொட்டியை வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள். மேட்டூரிலிருந்து வரும் அந்தத் தண்ணீருக்காகத்தான் கடைமடை விவசாயி காத்திருக்கிறார்.

எந்த வண்டியில் வந்தாலும், கல்யாணம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே தில்லையாடியில் வள்ளியம்மை நினைவு மண்டபம் இருக்கிறது. பத்து கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் புதுமணத் தாத்தா பாட்டியை அங்கே அழைத்துப் போய், கடற்காற்றில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார விடுங்கள். பாவம், அவர்களுடைய முதல் கல்யாணத்தில் ஹனிமூன் என்ற பேச்சே இருந்திருக்காது!