கரும்பு வந்த வழி

பாரிட் புந்தாரைச் சுற்றி இன்று கண்ணுக்கு எட்டியவரை நெல் வயல்களும் செம்பனையும்தான். ரப்பருக்கு முன்னால் இந்தக் கிரியான் மாவட்டத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. கோலா குராவ் பக்கம் இருக்கும் குலாவும் அப்படியொரு தோட்டம்தான். மலாயில் குலா என்றால் சீனி. வெள்ளைக்காரர்களின் தோட்டங்களில் கரும்பு வெட்ட ஒப்பந்தத்தில் தமிழர்களைக் கொண்டுவந்தார்கள். நம் ஆட்கள் அவர்களைச் ‘சஞ்சிக்கூலி’ என்றார்கள். வாக்குறுதியைக் குறிக்கும் ‘ஜஞ்சி’ என்ற மலாய்ச் சொல்தான் அப்படி ஆனது. எங்கள் பாட்டியின் தாத்தா அப்படி வந்தவர்.

அந்தக் கரும்பின் கதையைத் தேடிப் போனபோது ஜமைக்காவில் போய் நின்றேன். அங்கே சாமுவேல் ஷார்ப் என்ற கறுப்பின அடிமை இருந்தார். பாப்டிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்தவர். 1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலி கொடுக்காமல் யாரும் கரும்பு வெட்டக்கூடாது என்று அடிமைகளைச் சேர்த்து ஒரு வேலைநிறுத்தத்துக்குத் திட்டமிட்டார். அது பெரும் கிளர்ச்சியாக வெடித்தது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை. 1832 மே 23 அன்று ஷார்ப்பைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இழப்பீடாக 2 கோடி பவுண்ட் ஒதுக்கினார்கள், அதுவும் முதலாளிகளுக்கு. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை.

சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் மொரிசியஸுக்குக் கப்பலேறினார்கள். ஜமைக்காவில் கரும்புத் தோட்டம் நடத்திப் பழகிய லெனார்ட் ரே என்ற துரை, பின்னால் இந்தியா வழியாக, கிரியான் ஆற்றுக்கு அந்தப் பக்கமுள்ள வெல்லஸ்லி மாகாணத்துக்கு வந்து கரும்பு போட்டார். அந்த அனுபவத்தை வைத்து 1848இல் சீனி விவசாயம் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அங்கே கற்ற தொழில் இங்கே வந்தது. ஆட்கள் மட்டும் மாறினார்கள்.

இதைப் பாட்டியிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. “நாங்க சம்பளத்துக்கு வந்தவங்கடா. யாரும் எங்கள சந்தையில விக்கல” என்றார். அவர் சொல்வது சரிதான். ஷார்ப்புக்குப் பிள்ளை பிறந்திருந்தால் தாயின் முதலாளிக்கு அது சொத்தாகியிருக்கும். சஞ்சிக்கு ஒரு முடிவு உண்டு. ஆனால் அது முடியும் முன் தோட்டத்தைவிட்டு ஓடினால் சிறை. வேலையை விடுவதே குற்றம். இரண்டும் ஒன்று என்று சொன்னால் ஷார்ப்பின் வலியைக் குறைத்துவிடுவோம். சம்பந்தமே இல்லை என்றால் நம் வரலாறே புரியாது. மலாயாவில் சஞ்சி 1910இல்தான் ஒழிந்தது. அதன் பிறகும் கங்காணி முறை 1938 வரை ஆள் கொண்டுவந்தது.

சென்ற வருடம் மாமாவின் வீடு வாடகைக்குக் காலியானது. ஆற்றுக்கு அப்பால் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகம் இருப்பதால் மாணவர்கள் கேட்டு வருவார்கள். நைஜீரிய மாணவர் ஒருவர் போன் செய்தார். மாமா ஏற்கெனவே ஆள் வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “கறுப்பனுங்களுக்குக் குடுத்தா அக்கம்பக்கத்துல பேசுவாங்கப்பா” என்றார். மாமா பினாங்கில் வேலை பார்த்த காலத்தில் ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்று சொல்லி நான்கு வீடுகளில் அவரைத் திருப்பியனுப்பியிருக்கிறார்கள். அதை இன்றும் கோபத்தோடு சொல்வார். “அப்ப உங்கள என்ன சொல்லித் திருப்பி அனுப்புனாங்க மாமா?” என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மால்கம் எக்ஸ் படம் போட்ட சட்டையோடு இலக்கியக் கூட்டங்களுக்கு வரும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களில் பலருக்கு மலாயா கணபதியைத் தெரியாது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டி 1949 மே 4 அன்று புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். நேருவின் அரசு கேட்டுக்கொண்டும் பிரிட்டிஷார் அசையவில்லை. ஷார்ப்பும் கணபதியும் உழைப்பவர்களை ஒன்று சேர்த்தவர்கள். இருவரையும் தூக்கிலிட்டது ஒரே பேரரசு. ஜமைக்கா ஷார்ப்பைத் தேசிய வீரராக அறிவித்து ஐம்பது டாலர் நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. நான் படித்த பள்ளிப் பாடப்புத்தகங்களில் கணபதியின் பெயரை ஒரு வரியில்கூடப் பார்த்ததில்லை.

கணபதியை நாம்தான் எழுத வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அவரை மட்டும் எழுதி, ஷார்ப்பின் வம்சத்து நிறத்தில் ஒருவர் வீடு கேட்டு வரும்போது போனை வைத்துவிட்டால் அந்த எழுத்தால் என்ன பிரயோஜனம்? மாமாவிடம் மறுபடியும் பேசப்போகிறேன். வீடு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.