பத்து மாடி மனிதர் காலி செய்த இடம்

கிளீவ்லண்ட் என்றால் நம்மூர் சங்கீதப் பிரியர்களுக்கு தியாகராஜ உற்சவம்தான் ஞாபகம் வரும். 1978-லிருந்து வருஷா வருஷம் ஈஸ்டரை ஒட்டி நடத்துகிறார்கள். 2025 ஏப்ரலில் என் மனைவி என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது அதற்காகத்தான். அவளுடைய சித்தப்பா அந்த ஊர்வாசி. எனக்கு மாமா. பெட்டியை இறக்கியதுமே என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய், ஏதோ தப்புக் காரியம் மாதிரி காதோடு சொன்னார்: "மாப்ளே, ஞாயித்துக்கிழமை மேட்ச். கேவலியர்ஸ், மியாமி. ரெண்டு டிக்கெட் வெச்சிருக்கேன். அன்னிக்கு உனக்கு லேசா தலைவலி வரும், சரியா?"

வந்தது.

அதற்கு முன்னால் ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஏரி ஏரிக்கரையில் இருக்கிற ஊர். (ஏரியின் பெயரே ஏரி. நான் என்ன செய்ய?) இரும்பும் உருக்கும் ஓஹோவென்று இருந்த 1950-ல் ஜனத்தொகை ஒன்பது லட்சத்துக்கு மேல். 2020 கணக்கெடுப்பில் மூணே முக்கால் லட்சம் கூடத் தேறவில்லை. பாதிக்கும் மேல் காலி! நடுவே ஓடுகிற கயஹோகா நதியில் எண்ணெயும் கழிவும் மிதந்து, 1969-ல் தண்ணீரே தீப்பிடித்தது. இன்னொரு ஊராக இருந்தால் மறைத்திருப்பார்கள். இவர்கள் 'பர்னிங் ரிவர்' என்று ஒரு பீருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். வெஸ்ட் சைட் மார்க்கெட் பக்கம் போனால் பியரோகி என்று உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த போலந்துக் கொழுக்கட்டை கிடைக்கும். நன்றாகவே இருக்கிறது, ஒரு தேங்காய்ச் சட்னி மட்டும் இருந்தால்.

ஆக, ஆட்கள் கிளம்பிப் போவது இந்த ஊருக்குப் பழக்கம். ஒரே ஒருத்தர் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

லெப்ரான் ஜேம்ஸ். அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆக்ரன் ஊர்ப் பையன். 2003-ல் பதினெட்டு வயதில் கேவலியர்ஸ் டீமுக்கு வந்தார். ஸ்டேடியத்துக்கு எதிரே பெயின்ட் கம்பெனிக் கட்டடத்தின் சுவரில் பத்து மாடி உயரத்துக்கு அவர் படம். நம்ம அண்ணா சாலை கட்-அவுட்டெல்லாம் அதற்குத் தம்பி!

உங்கள் ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். எல்லா ஃபைலும் அவர் தலைக்குள்ளேதான். அவர் ஒரு நாள் பேப்பர் போடுகிறார். அதுவும் எப்படி? ஒரு மணி நேரத்துக்கு மேல் டி.வி.யில் நிகழ்ச்சி நடத்தி, நாடே பார்க்க, "நான் மியாமிக்குப் போகிறேன்" என்கிறார்! 2010 ஜூலை 8-ல் அதுதான் நடந்தது. தெருவில் அவருடைய 23-ம் நம்பர் ஜெர்ஸியைக் கொளுத்தினார்கள். டீம் முதலாளி டான் கில்பர்ட் ராத்திரியோடு ராத்திரியாகக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதி வெளியிட்டார். 'அவருக்கு முன்னால் நாங்கள் கோப்பை ஜெயிப்போம்' என்று சபதம் வேறு. அச்சடித்த எழுத்து, குழந்தைகள் பர்த்டே கார்டில் வருமே, அந்த ஸ்டைல். சபதத்தைவிட எழுத்துதான் பிரபலமாயிற்று.

மாமா வீட்டிலும் ஒரு ஜெர்ஸி இருந்தது. அப்போது பதினாலு வயதான மகன் அதை எரிக்கத் தீப்பெட்டி தேடியிருக்கிறான்.

"நூறு டாலர் மாப்ளே! எரிக்கறதாவது? கார் துடைக்க எடுத்து வெச்சுட்டேன்."

சரி, காசுதான் இருக்கிறதே, வேறொரு ஸ்டாரைப் பிடித்துப் போட வேண்டியதுதானே என்று கேட்டேன். மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். டீம் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. அதையும் மீறி யோசித்தால், "பீச் இருக்கற ஊரை விட்டுட்டு ஆறு மாசம் பனி கொட்டற ஊருக்கு எவன் வருவான்?"

அந்த வருஷம் இருந்தவர்களை வைத்துத்தான் ஆடினார்கள். முந்தைய சீசனில் 61 வெற்றி. இப்போது 19. தொடர்ச்சியாக 26 தோல்வி! லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு மேட்ச்சில் 112-க்கு 57. வித்தியாசம் 55 பாயின்ட். மாமா அதை முழுக்கப் பார்த்தாராம். "சாவு வீட்டுல பாதியில எழுந்து வரக் கூடாது இல்லையா?"

இங்கேதான் அமெரிக்கக்காரர்கள் ஒரு விசித்திரம் வைத்திருக்கிறார்கள். மோசமாகத் தோற்ற டீமுக்குத்தான் அடுத்த வருஷம் புதுப் பையன்களில் முதல் சாய்ஸ் கிடைக்க வாய்ப்பு அதிகம். கடைசி ரேங்க் வாங்கியவனுக்கு மெடிக்கல் சீட் மாதிரி! அதையும் குலுக்கல் போட்டு முடிவு செய்கிறார்கள். 2011-ல் கிளிப்பர்ஸ் டீமோடு ஆள் மாற்றிக்கொண்டபோது கொசுறாக ஒரு சீட்டு வந்தது. பரிசு விழ 2.8 சதவீதம்தான் வாய்ப்பு. விழுந்துவிட்டது. அதில் வந்தவர் கைரி இர்விங். அப்புறம் 2013-லும் 2014-லும் மறுபடி முதல் பரிசு. 2013-ல் எடுத்த பையன் ஜொலிக்கவில்லை. பெயர் வேண்டாம், பாவம்.

நாலு வருஷம் இப்படிப் போனபின், 2014 ஜூலையில் லெப்ரானே திரும்பி வந்துவிட்டார். சுவரில் புதுப் படம். இந்தத் தடவை முதுகைக் காட்டி நிற்கிறார். ஜெர்ஸியில் ஜேம்ஸ் என்ற பெயர் இல்லை, 'கிளீவ்லண்ட்' என்று எழுதியிருந்தது. மாமா அந்தக் கார் துணியை மூன்று தடவை துவைத்தார். மகன் வளர்ந்துவிட்டதால் அவரே போட்டுக்கொண்டார். 2016-ல் கோல்டன் ஸ்டேட் டீமிடம் 3-1 என்று பின்தங்கி, கடைசி மூன்று மேட்ச்சையும் ஜெயித்துக் கோப்பை! பெரிய விளையாட்டுகளில் 52 வருஷத்துக்கு அப்புறம் ஊருக்குக் கிடைத்த முதல் பட்டம். கடைசி நிமிஷத்தில் முக்கியமான மூன்று பாயின்ட் பந்தைப் போட்டது அந்தக் குலுக்கல் சீட்டில் வந்த இர்விங்.

2018-ல் லெப்ரான் மறுபடி கிளம்பினார். லாஸ் ஏஞ்சலீஸுக்கு. இந்த முறை யாரும் எரிக்கவில்லை. முதலாளி நன்றி சொல்லி அனுப்பினார். அதே மாதம் ஆக்ரனில் ஏழைப் பிள்ளைகளுக்காக லெப்ரானுடைய பள்ளிக்கூடம் திறந்தது. மாமா மகனும் அதே கோடையில்தான் கலிபோர்னியாவுக்கு வேலைக்குப் போனான்.

"ரெண்டு பேரும் ஒரே மாசம். லெப்ரானுக்கு நாலு வருஷத்துக்குப் பதினஞ்சு கோடி டாலர். நம்ம பையனுக்கு மெடிக்கல் இன்ஷ்யூரன்ஸும் ஃப்ரீ பார்க்கிங்கும்" என்று சிரித்தார். மாடியில் அந்தப் பையனின் அறையில்தான் எங்களைத் தங்க வைத்திருந்தார். மேஜை, கட்டில், பள்ளிக்கூடக் கோப்பைகள் எல்லாம் தூசி தட்டி அப்படியே.

அந்த சீசனிலும் வெற்றி சரியாக 19, தோல்வி 63. அச்சு மாறாமல் 2010-11 கணக்கு! ஆனால் இந்தத் தடவை யாரும் இன்னொரு பத்து மாடி ஆளைத் தேடவில்லை. 2019-ல் டேரியஸ் கார்லண்ட். 2021 ஜனவரியில் ஹார்டன் என்ற தாடிக்காரரை ஹூஸ்டனும் புரூக்ளினும் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்து ஜாரெட் ஆலனை வாங்கிக்கொண்டார்கள். அதே வருஷம் ஈவன் மோப்லி. 2022 செப்டம்பரில் கையிலிருந்ததை வழித்துக் கொடுத்து டோனவன் மிட்செல். ஒரு நாற்காலிக்கு நாலு பேர். 2024-25 சீசனில் 64 வெற்றி.

ஈஸ்டர் ஞாயிறு. டவர் சிட்டி ரயில் நிலையத்திலிருந்து மூடிய நடைபாதை நேரே ஸ்டேடியத்துக்கே போகிறது. குளிர் படாமல் பொங்கல் கூட்டம் மாதிரி நகர்ந்தோம். வழியில் மாமா அந்தச் சுவரைக் காட்டினார். பார்த்தேன், சுவர்தான். உள்ளே சத்தம் காதைப் பிளந்தது. கேவலியர்ஸ் 121, மியாமி 100. மிட்செல் 30 பாயின்ட். ஆனால் கூட்டம் எழுந்து ஆடியது பெஞ்சிலிருந்து வந்த டை ஜெரோம் என்ற ஆளுக்கு. 28! மாமா என் தோளை அடித்தே வீங்க வைத்துவிட்டார். அடுத்த வாரம் மியாமியில் போய் 55 பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். "55" என்று மாமா ரெண்டு தடவை சொன்னார்.

அடுத்த சுற்றில் இந்தியானாவிடம் 4-1 என்று தோற்றதை நாங்கள் சென்னைக்கு வந்தபின் பேப்பரில் பார்த்தேன். ஜூலையில் மாமாவிடமிருந்து போன்.

"ஜெரோம் போயிட்டான் மாப்ளே. மெம்பிஸுக்கு."

"ஐயோ! அவன் இடத்துக்கு?"

"லான்ஸோ பால்னு ஒருத்தனைப் பிடிச்சிருக்காங்க. நல்லா பாஸ் பண்ணுவான். முட்டிதான் ரெண்டரை வருஷம் ரிப்பேர்ல இருந்தது. பார்ப்போம்... தீபாவளிக்குப் பையன் வரேன்னிருக்கான், அவனுக்கும் ஒரு டிக்கெட் போட்டுடட்டுமா?"