கழியின் மறுமுனை

புனேயில் ஒரு கல்லூரியில் சமூகவியல் கற்பிக்கும் உதவிப் பேராசிரியர் ஒருவர், தம் 37ஆம் வயதில் ராணுவ அதிகாரிப் பதவிக்கு விண்ணப்பித்தார். செய்தி கேட்ட துறைத் தலைவர் முதலில் நகைத்தார். பிறகு எத்தனை நாள் விடுப்பு தேவைப்படும் என்று வினவினார். டெரிட்டோரியல் ஆர்மி எனப்படும் பிராந்திய ராணுவத்தைப் பற்றிக் கல்விப்புலத்தில் பலரும் அறிந்தது, மகேந்திர சிங் தோனிக்கு 2011இல் அங்கே லெப்டினன்ட் கர்னல் பதவி வழங்கப்பட்டது என்ற அளவில்தான் நிற்கிறது. அது கௌரவப் பதவி. 2012இல் சச்சின் பைலட்டும் 2016இல் அனுராக் தாக்கூரும் அதிகாரிகளானது வேறு வழியில். அந்த வழி ஆசிரியருக்கும் வங்கி மேலாளருக்கும் மருத்துவருக்கும் பொறியாளருக்கும் திறந்தே இருக்கிறது. 18 முதல் 42 வயதுக்குள் இருக்க வேண்டும், பட்டம் பெற்றிருக்க வேண்டும், சொந்தத் தொழிலிலோ பணியிலோ வருவாய் ஈட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனைதான் இந்தப் படையின் இயல்பைச் சொல்வது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜியால் தொடங்கிவைக்கப்பட்ட இப்படை, முழுநேர வாழ்க்கைத் தொழில் எதையும் உறுதியளிப்பதில்லை. முதல் ஆண்டில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, ஆண்டுதோறும் இரண்டு மாத முகாம், முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று மாதப் பயிற்சி. மற்ற நாள்களில் அவரவர் வேலை. நாடு அழைக்கும்போது செல்ல வேண்டும்.

எழுத்துத் தேர்வு அவருக்குப் பெருந்தடையாக இருக்கவில்லை. தருக்கமும் எளிய கணிதமும் ஒரு தாள், பொது அறிவும் ஆங்கிலமும் மற்றொரு தாள். ஒவ்வொரு பகுதியிலும் 40 விழுக்காடு, மொத்தத்தில் 50 விழுக்காடு வேண்டும் என்பதால், ஆங்கிலத்தில் குவித்த மதிப்பெண் கணிதத்தில் விழுந்தவரைக் காப்பாற்றாது. பள்ளிக் கணிதத்தை மூன்று மாதம் மீண்டும் படித்தார். அடுத்து வந்த முதல்நிலை நேர்காணலையும் கடந்தார். அதன் பின்னர்தான் எஸ்.எஸ்.பி. எனப்படும் ஐந்து நாள் தேர்வு.

அந்த ஐந்து நாள்களின் வரலாறு அவருக்குப் பாடமாகவே தெரிந்திருந்தது. 1942இல் எடின்பரோவில் பிரிட்டிஷ் ராணுவம் அமைத்த தேர்வுக் குழுவில் உளப்பகுப்பாய்வாளர் வில்ஃப்ரெட் பியான் வகுத்த ‘தலைவரற்ற குழு’ என்னும் சோதனை, மறு ஆண்டே இந்தியாவுக்கு வந்து டேராடூனில் வேர்கொண்டது. சில அந்நியர்களுக்கு ஒரு வேலையைக் கொடுத்து, தலைவர் எவரையும் நியமிக்காமல் விட்டுவிட்டு, அவர்களுக்கிடையே நிகழ்வதைக் கவனிப்பதே அதன் சாரம். படங்களைக் காட்டிக் கதை எழுதச் சொல்லும் உளவியல் சோதனை, ஹென்றி மர்ரேயும் கிறிஸ்டியானா மோர்கனும் 1930களில் ஹார்வர்டில் உருவாக்கியது. இவற்றையெல்லாம் முதுகலை வகுப்பில் கற்பித்தவர் என்பதால், தாம் தோற்கக்கூடும் என்று அவர் கனவிலும் எண்ணவில்லை. சோதனையின் கோட்பாட்டை அறிந்திருப்பது சோதனைக்கு உதவும் என்பது நம் தொழிலில் உள்ள எல்லோருக்கும் உரிய மயக்கம்.

முதல் நாள் வடிகட்டலில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினர். அவர் தங்கினார். இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. ஒவ்வொரு படமும் 30 நொடி திரையில் நிற்கும், நான்கு நிமிடத்தில் கதை முடிய வேண்டும். பதினொரு படங்கள், கடைசியில் ஒரு வெற்றுத் திரை. பயிற்சி நூல்களில் கண்டபடி அவருடைய கதைகளில் ஓர் இளைஞன் வெள்ளத்தில் கிராமத்தை மீட்டான், தீவிரவாதியைப் பிடித்தான், நண்பனுக்குக் குருதி கொடுத்தான். பன்னிரண்டு கதைகளிலும் அவனே வென்றான். பின்னர் 15 நொடிக்கு ஒன்றாக 60 சொற்கள், 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகள், இறுதியாகப் பெற்றோரும் ஆசிரியரும் நண்பரும் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு சுயவிவரிப்பு. இந்தத் தாள்களைப் படிக்கும் உளவியலாளர் ஐந்தாம் நாள் வரை எழுதியவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. தாள்களில் அவர் காண்பதும், நேர்காணல் அதிகாரி கேட்பதும், மைதானத்தில் குழுத் தேர்வு அதிகாரி பார்ப்பதும் ஒரே மனிதனாக இருக்கிறதா என்பதே கேள்வி. இதை ‘மனசா, வாசா, கர்மணா’ என்று அங்கே சொல்வார்கள். நினைப்பு, பேச்சு, செயல். மூன்றுக்கும் மூன்று அதிகாரிகள். அவர்கள் இறுதிக் கூட்டம் வரை தம் மதிப்பீடுகளைப் பரிமாறிக்கொள்வதில்லை. ஒருவரை ஏமாற்றலாம், மூவரையும் ஒரே பொய்யால் ஏமாற்றுவது கடினம்.

மைதானத்தில் அவர் குழுவுக்கு ஒரு பலகை, ஒரு மரக்கழி, ஒரு கயிறு தரப்பட்டன. சிவப்பு வண்ணம் பூசிய இடத்தை மனிதரும் தொடக் கூடாது, பொருளும் தொடக் கூடாது. தொடக்கக் கோட்டுக்கும் முடிவுக் கோட்டுக்கும் இடையே பாலம் அமைத்து, ஒரு சுமையோடு அனைவரும் கடக்க வேண்டும். யார் பேசுகிறார், யார் பேசாமல் வேலை செய்கிறார், எந்த இருவர் ஒருவரையொருவர் முந்துகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. கழியை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்று சரியாகவே சொன்னார். கழியின் மறுமுனையை உட்கார்ந்து அழுத்திப் பிடித்தவர் நாக்பூரிலிருந்து வந்திருந்த வங்கி ஊழியர் ஒருவர். அவர் அதிகம் பேசவில்லை.

ஐந்தாம் நாள் அவருடைய எண் வாசிக்கப்படவில்லை. வங்கி ஊழியரின் எண் வாசிக்கப்பட்டது.

தோற்றவருக்குக் காரணம் எதுவும் சொல்லப்படுவதில்லை. ரயிலில் திரும்பும்போது தேர்வுமுறையின் நம்பகத்தன்மை குறித்து ஒரு கட்டுரைக்கான குறிப்புகளை அவர் எழுதத் தொடங்கினார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

காரணம் சில மாதம் கழித்து வேறோர் இடத்திலிருந்து வந்தது. நகரின் லாரித் தண்ணீர் வணிகம் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை அப்போதுதான் ஒரு நல்ல இதழில் வெளியாகியிருந்தது. அதற்காக நேர்காணப்பட்டவர்களில் அவருடைய கல்லூரி விடுதியின் மாணவியரும் உண்டு. கட்டுரையின் படியைப் பெற்றுக்கொண்ட மாணவி ஒருத்தி, அதில் விடுதியில் வாரம் மூன்று நாள் தண்ணீர் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, வார்டனிடம் அதைச் சொன்னீர்களா சார் என்று கேட்டாள். அதில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை, தெரிந்துகொள்ளவே கேட்டாள். அவர் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் விடுதிக்குப் போனார். ஆய்வுக்காகப் போனபோது கேட்காத கேள்விகளைக் கேட்டார். மாநகராட்சித் தண்ணீர் விடியற்காலை 5 மணிக்குக் கீழ்த்தொட்டியில் விழுகிறது; மோட்டார் இயக்குபவர் 7 மணிக்குத்தான் வருகிறார்; அதற்குள் தொட்டி நிரம்பிச் சாக்கடைக்குப் போகிறது; மேல்தொட்டியின் மிதவை வால்வு பழுதாகி ஓராண்டு. நுகர்வு, அதிகாரம், அரசியல் பொருளாதாரம் என்று 22 பக்கம் எழுதியவருக்கு இந்த வால்வு தெரியாமல் போயிற்று. வால்வை மாற்றக் கோப்பு நகர நான்கு மாதம் ஆயிற்று. இரவுக் காவலரிடம் மோட்டார் அறையின் சாவியை ஒப்படைக்க நிர்வாகத்தை இணங்கவைப்பது அதைவிடக் கடினமாக இருந்தது. தொழிற்சங்கத்தோடு ஒருமுறை மனத்தாங்கல் ஏற்பட்டது. அதில் பிழை அவருடையதே, மோட்டார் இயக்குபவரைக் கேட்காமலேயே அவர் வேலையை மாற்றியமைக்கப் பார்த்தார். நேரில் சென்று வருத்தம் தெரிவித்தார். இதையெல்லாம் அவர் மாணவியருக்காகச் செய்தாரா, அடுத்த நேர்காணலில் சொல்வதற்காகச் செய்தாரா என்று பிரித்தறிய இயலாது. அவராலும் இயலவில்லை. வால்வுக்கு அந்த வேறுபாடு பொருட்டன்று.

உடலையும் கவனித்தார். வேதாள் டேக்டியில் விடியற்காலை ஓட்டம். முதல் மாதம் முழங்கால் வலித்தது, அதன் பின் எடை குறைந்தது. மூன்று நிமிடத்தில் பத்துத் தடைகளைத் தாண்ட வேண்டிய தனிநபர்த் தேர்வில் முதல் முறை அவர் நான்கைத்தான் முடித்திருந்தார். கயிறு ஏறுவதற்குக் கையைவிடக் காலின் பிடி முக்கியம் என்பதைத் தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற அண்டை வீட்டுக்காரர் கற்றுக்கொடுத்தார். பயிற்சி நிலையத்துக்கு மீண்டும் போகவில்லை. தாளின் வடிவமும் நேரக்கணக்கும் பழக ஒருவருக்குப் பயிற்சி நிலையம் உதவும். அங்கே தரப்படும் மாதிரிக் கதைகளோ கேட்கத் தீமையானவை, ஏனென்றால் உளவியலாளர் அவற்றை ஆயிரம் முறை படித்திருக்கிறார்.

40ஆம் வயதில் இரண்டாம் முறை சென்றார். வெற்றுத் திரை வந்தபோது பழுதான வால்வைப் பற்றி எழுதினார். அந்தக் கதையில் நாயகன் ஒருமுறை தவறினான், மன்னிப்புக் கேட்டான், வேலை பாதி முடிந்தது. தன்விவரப் படிவத்தில் உள்ளதை வைத்தே நேர்காணல் நடைபெறும் என்பதை இம்முறை அவர் மறக்கவில்லை. தொடர்ந்து பேசத் தெரியாத எதையும் அதில் எழுதவில்லை. முதல் முறை இந்தியப் பெருங்கடல் குறித்துச் சரளமாகப் பேசியவர், தம் துறையில் அந்த ஆண்டு படிப்பை நிறுத்திய மாணவர் எத்தனை பேர் என்ற கேள்விக்குத் தடுமாறியிருந்தார். இம்முறை அதிகாரி, நீங்கள் இங்கே இருக்கும் ஐந்து நாள்களும் மோட்டாரை யார் இயக்குகிறார் என்று கேட்டார். காவலரிடம் சாவி இருக்கிறது, இரண்டு மாணவியர் பதிவேடு எழுதுகிறார்கள், புதன்கிழமை காவலருக்கு விடுமுறை, அன்றைக்குச் செய்த ஏற்பாட்டில் உறுதியில்லை என்று விடையளித்தார். அதிகாரி குறித்துக்கொண்டார்.

மைதானத்தில் அதே பலகை, கழி, கயிறு. யோசனை சொன்னவர் ஓர் இளம் வழக்கறிஞர். அது சற்றே பிழையானதுதான். பேராசிரியர் அதை ஒரு வாக்கியத்தில் திருத்திவிட்டு, கழியின் மறுமுனையில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் குழு முழுவதும் தெரியாது. முன்னால் கடப்பவரின் காலணி மட்டும் தெரியும்.

ஐந்தாம் நாள் அவருடைய எண் வாசிக்கப்பட்டது. ராணுவ மருத்துவமனைப் பரிசோதனையில் காதிலிருந்த அழுக்குக்காக ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டு மறுமுறை தேறினார். இத்தகைய அற்பக் காரணங்களால் நாள்களை இழக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே ஒரு மருத்துவரைப் பார்த்துவிடலாம். பரிந்துரைக்கப்பட்டோர் அனைவருக்கும் பணி ஆணை கிடைப்பதில்லை என்பதும், காலியிடங்கள் மிகச் சிலவே என்பதும், தகுதி வரிசையே இறுதி என்பதும் அவருக்குத் தெரியும். பட்டியல் வந்தது. அதில் அவர் பெயர் இல்லை.

இப்போது அவருக்கு 41 வயது. அண்மையில் புதிய அறிவிக்கை வெளியானது. கல்லூரியின் தடையின்மைச் சான்றுக்குக் கடிதம் கொடுத்தபோது துறைத் தலைவர் இம்முறை நகைக்கவில்லை. தம் மகன் 18 வயது முடிந்ததும் இதற்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டார். முதலில் பட்டம் பெற வேண்டும், பிறகு ஒரு வேலை வேண்டும் என்று அவர் சொன்னார். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அன்றிரவே நிரப்பி அனுப்பிவிட்டு, மறுநாள் புதன்கிழமை என்பதால், 5 மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு படுத்தார்.