எக்ஸிபிட் ஏ-4

காளஹஸ்தி சித்தூர் மாவட்டத்தில் இருந்த காலத்து வழக்கு இது. 2022இல் திருப்பதி மாவட்டம் பிரிவதற்குப் பல வருடம் முந்தியது. மேலுக்குப் பார்த்தால் சாதாரணப் பாகப்பிரிவினை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டையும் கொஞ்சம் நஞ்சையையும் மகள் பேருக்கு உயில் எழுதிவிட்டு இறந்துபோனார். சென்னையில் வேலையிலிருந்த மகன், உயில் பொய், எனக்குப் பாதி வேண்டும் என்று வழக்குப் போட்டார். நான் மகளுக்காக ஆஜரானேன்.

லுத்தரன் குடும்பம். ஜெர்மனியின் ஹெர்மான்ஸ்பர்க் மிஷனரிகள் 1860களிலிருந்து நாயுடுபேட்டை, காளஹஸ்தி பக்கம் தெலுங்கில் ஊழியம் செய்து வளர்த்த சபை அது. இவர்களோ வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சபையில் தெலுங்கு, வீட்டு ஜெபத்தில் தமிழ்.

சொத்துப் பத்தியைவிடச் சண்டையைக் கிளப்பியது வேறொரு பத்தி. செத்தவுடன் என் கண்களைத் தானமாகக் கொடுத்துவிட்டு, உடலை என் மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யுங்கள் என்று எழுதியிருந்தார். கருவிழியை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். மகள் அண்ணனுக்காகக் காத்திருக்கவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“எங்கப்பா உயிர்த்தெழும்போது எந்தக் கண்ணால ஆண்டவரைப் பார்ப்பார்?” என்று சாட்சிக் கூண்டில் நின்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அன்றைக்குத்தான் இது நிலத்துக்கான வழக்கு மட்டுமில்லை என்று எனக்குப் பட்டது.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். உயிலை எழுதிக்கொடுத்தவர் ஆசிரியரின் நண்பர், சைவர். இது கண்ணப்பர் ஊர். காளத்திநாதரின் கண்ணில் ரத்தம் வழிய, தன் கண்ணைப் பெயர்த்து அப்பிய வேடன் திண்ணன் கதையைச் சேக்கிழார் பாடியிருக்கிறார். இங்கே குழந்தைக்கும் தெரியும். “அந்தக் கதை நண்பர் கையால் உயிலுக்குள் புகுந்துவிட்டது. விசுவாசமுள்ள கிறிஸ்தவர் இப்படி எழுதமாட்டார்” என்பது அவர் வாதம். உயிலில் சந்தேகத்துக்கு இடமிருந்தால், அதைத் தீர்ப்பது உயிலை முன்வைப்பவர் பொறுப்பு என்று வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சுமை என் தலையில்.

அவர்கள் போட்ட எக்ஸிபிட் ஏ-4, இறந்தவரின் தமிழ் வேதாகமம். யோபு 19ஆம் அதிகாரத்தில், தோல் அழிந்த பிறகும் மாம்சத்தோடு, தன் சொந்தக் கண்களாலேயே தேவனைக் காண்பேன் என்று யோபு சொல்லும் இடத்தில் பென்சில் கோடு. வலுவான சான்றுதான். அதை ஆதரித்துச் சாட்சி சொல்ல ஒரு போதகரும் வந்தார்.

புத்தகத்தை வாங்கி முந்தின இரவு படித்து வைத்திருந்த பக்கங்களைப் புரட்டினேன். 1 கொரிந்தியர் 15: விதைக்கப்படுவது ஒரு உடல், எழுப்பப்படுவது ஆவிக்குரிய வேறொரு உடல், மாம்சமும் ரத்தமும் தேவ ராஜ்யத்தை அடையாது. அங்கேயும் கோடு, அதே பென்சில். லூக்கா 24இல் உயிர்த்தெழுந்த இயேசு எனக்கு மாம்சமும் எலும்பும் உண்டு, தொட்டுப் பாருங்கள் என்கிறார். அங்கேயும் கோடு. யாத்திராகமம் 33இல் ஒரே அதிகாரத்துக்குள் மோசே நண்பனைப்போலக் கர்த்தரோடு முகமுகமாய்ப் பேசுகிறார். சில வசனம் தள்ளி, என்னைக் கண்ட எவனும் உயிரோடிருக்கமாட்டான் என்கிறார் கர்த்தர். இரண்டிலும் கோடு. தேவனை ஒருவரும் ஒருக்காலும் கண்டதில்லை என்னும் யோவானும், இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் காண்பார்கள் என்னும் மத்தேயுவும் தப்பவில்லை. மனிதர் வாத்தியார் அல்லவா, முரண்படும் விடைகளையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார்.

போதகரிடம் கேட்டேன்: “கடலில் மூழ்கி மீன் தின்ற விசுவாசி உயிர்த்தெழுவாரா?”

“எழுவார்.”

“கண்ணோடா?”

“கண்ணோடுதான். ஆண்டவரால் ஆகாதது இல்லை. ஆனா வக்கீல் ஐயா, மீன் தின்னது வேற, நாமே எடுத்துக் கொடுக்கிறது வேற.”

நேர்மையான பதில். மேலே கேட்டிருந்தால் கெட்டுப்போயிருக்கும். உட்கார்ந்துவிட்டேன். மிருகங்களுக்கு இரையானவன் உடல் என்னவாகும், பரலோகத்தில் கடவுளைக் காண்பது இந்தக் கண்தானா என்று அகஸ்டினே ‘தேவ நகரம்’ கடைசிப் புத்தகத்தில் மல்லாடியிருக்கிறார். காளஹஸ்தி முன்சீப் கோர்ட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அதை நான் முடித்துவிட முடியாது.

வாதத்தில் ஒன்றைத்தான் அழுத்தினேன். எந்த வசனம் சரி என்று கோர்ட் சொல்ல வேண்டாம். இத்தனையையும் அடிக்கோடிட்டு வாசித்த ஒருவர், கண்ணைக் கொடுத்தும் கடவுளைக் காணலாம் என்று நம்பியிருக்கக்கூடுமா என்பதே கேள்வி. தினமும் சாட்சிகளைக் கேட்கிறவர்கள் நாங்கள்; நாலு பேர் ஒரே சொல்லைச் சொன்னால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும். கண்ணப்பரை நான் தொடவே இல்லை. மறுகண்ணையும் எடுத்துவிட்டால் சாமி கண் இருக்கும் இடம் தெரியாதே என்று காலால் அடையாளம் வைத்த அந்த வேடனை இழுக்க ஆசையாகத்தான் இருந்தது. இழுத்திருந்தால் எதிர்த்தரப்பு வாதத்துக்கே உரம் போட்டிருப்பேன்.

சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் வந்து ஒழுங்காகச் சொன்னார். உயில் நிரூபணமானது. வேதாகமத்தின் பொருள் இந்த நீதிமன்றத்தின் வேலை அல்ல என்ற நீதிபதி, அந்தப் பத்தி எழுதியவரின் வாசிப்புக்கு ஒவ்வாததாகத் தெரியவில்லை என்று தெலுங்கில் ஒரே வாக்கியம் எழுதி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

மகன் மேல்முறையீடு செய்யவில்லை. கெடு முடிந்ததும், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் ஆணை 9ஆம் விதிப்படி ஏ-4ஐத் திருப்பித் தரக்கோரி மனுப் போட்டார். உயிலில் வேதாகமம் யாருக்கு என்று எழுதியிருக்கவில்லை. எதிர்மனு போடலாமா என்று மகளைக் கேட்டேன்.

“அது அண்ணனுக்குத்தான் சார். நான் அதுல படிச்சதே இல்ல, அப்பா எழுத்து எனக்குப் புரியாது.”

ஆட்சேபணை இல்லை என்று மனுவின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.