சுருண்டு கிடக்கும் வில்

பழம்பொருள் சேகரிப்பு என்றவுடன் நாணயமும் அஞ்சல்தலையும் ஓலைச்சுவடியும் நினைவுக்கு வருதல் இயல்பு. துப்பாக்கியைச் சேகரிக்கிறார்கள் என்று கேட்டால் பலரும் முகஞ்சுளிப்பர். கொல்லும் கருவியைப் போற்றுவானேன் என்ற வினா எழும். அவ்வினா நியாயமானதே. ஆயினும் போலந்து நாட்டின் பழைய காற்றுத் துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்பவர்களின் உள்ளத்தை ஆராய்ந்தால், அவர்கள் போற்றுவது கொலையை அன்று, உழைப்பையே என்பது விளங்கும்.

போலந்தின் தலைநகரான வார்சாவுக்குத் தெற்கே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் ராடோம் என்னும் நகரம் உள்ளது. 1920களில் அங்கே ஒரு படைக்கலத் தொழிற்சாலை எழுந்தது. 'வூச்னிக்' என்ற பெயரால் அது புகழ்பெற்றது. வில்லாளன் என்பது அச்சொல்லின் பொருள். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் அதனைக் கைப்பற்றினர். விஸ் என்னும் கைத்துப்பாக்கியின் உறுப்புகளைத் தொழிலாளர் சிலர் மறைவாக வெளியே கடத்தி, விடுதலைப் போராளிகளுக்கு அளித்தனர். அது வெளிப்பட்டபோது, 1942இல் பலர் மக்கள் காணத் தூக்கிலிடப்பட்டனர்.

போருக்குப் பின்னர் அதே தொழிற்சாலை படைத் துப்பாக்கிகளோடு தையல் இயந்திரங்களையும் செய்தது. காற்றுத் துப்பாக்கிகளையும் செய்தது. தாய் துணி தைத்த இயந்திரத்திலும், மகன் குறிபார்க்கப் பழகிய துப்பாக்கியிலும் ஒரே பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. பள்ளிப் பாதுகாப்புப் பயிற்சியிலும் பயிற்சிக் கழகங்களின் சுடுகளங்களிலும் ஒரு தலைமுறையே காற்றுத் துப்பாக்கியைக் கையிலேந்திப் பழகியது. போலந்து மொழியில் அதன் பெயரே காற்று என்னும் சொல்லிலிருந்து பிறந்ததாகும்.

வில்லாளன் என்று பெயர் இருக்கிறதே, வில் எங்கே எனின், அது உருளைக்குள் சுருண்டு கிடக்கிறது. குழலை மடித்துக் கீழே இழுத்தால் உள்ளே உள்ள சுருள்வில் அழுந்தும். விசையைத் தட்டியதும் அது விடுபட்டு உந்துதண்டை முன்னே தள்ளும். நெருக்குண்ட காற்று, 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள, இடை சிறுத்த ஈயக் குண்டினை வெளியே செலுத்தும். வெடிமருந்துக்கு அங்கே வேலையில்லை.

பல ஆண்டுகள் பரணில் கிடந்த ஒரு துப்பாக்கி சேகரிப்பாளரின் மேசைக்கு வரும்போது அதன் நிலை இரங்கத்தக்கது. மரக்கட்டையில் கீறல்கள்; இரும்பில் துரு; உந்துதண்டின் முனையிலுள்ள தோல் வறண்டு சுருங்கியிருக்கும். தோல் வறண்டால் காற்று கசியும். குண்டு வலுவிழந்து வீழும். பொறுமையுள்ளவர் அத்தோலை எண்ணெயில் ஊறவைப்பார். பயனில்லையேல் புதுத்தோலை நனைத்து அச்சில் அழுத்திக் கிண்ணம்போல் வடிப்பார். எண்ணெய் குறைந்தால் தோல் வறளும். மிகுந்தால் நெருக்கத்தின் சூட்டில் அது தீப்பற்றி வெடித்து உறுப்புகளைக் கெடுக்கும். அளவறிதல் இங்கே முதற்பாடம்.

இரண்டாம் பாடம் ஆசையடக்கம். வலிய சுருள்வில் ஒன்றைப் பொருத்தினால் குண்டு இன்னும் விரைந்து பாயாதா என்று மனம் தூண்டும். போலந்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி 17 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலுடைய காற்றுத் துப்பாக்கியைப் பதிவு செய்தல் வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, மிகை வலிமை பழைய உறுப்புகளை உலுக்கிச் சிதைத்துவிடும். துருவை நீக்குகிறேன் என்று பளபளக்கத் தேய்த்தாலோ தொழிற்சாலை இட்ட முத்திரையும் உடன் அழியும். புதுப்பித்தல் வேறு, காத்தல் வேறு. அதனை உணர்ந்தவரே சேகரிப்பாளர். உணராதவர் பொருளைக் கெடுப்பவர்.

சுடுவதிலும் இவ்வடக்கமே வேண்டப்படுகிறது. உந்துதண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். அது முட்டி நிற்கும்போது முன்னே துள்ளும். குண்டு குழலைவிட்டு நீங்குமுன்பே அசைவு தொடங்கிவிடுகிறது. ஆதலால் இறுகப் பிடிப்பவரின் குறி தவறும். முன்கட்டையைத் திறந்த உள்ளங்கையில் மெல்லத் தாங்கி, துள்ளலை அதன் போக்கில் விட்டு, சுட்ட பின்னும் கண்ணைக் குறியிலிருந்து எடாதிருப்பவரே வெல்வர். இலக்கு தாளில் வரைந்த வட்டமேயன்றிப் பறவையன்று. அத்தாளின் பின்னே குண்டைத் தடுக்கும் உறுதியான தடுப்பும், சுடுபவரின் கண்களுக்குக் காப்புக் கண்ணாடியும் இன்றியமையாதன. போலந்து வீராங்கனை ரெனாட்டா மாவெர் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். அப்போட்டித் தாளின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அளவினதே. அப்புள்ளியை எட்டுவது வலிமையால் அன்று, அமைதியால்.

வில்லை எய்யாப் பொழுதில் நாணை இறக்கி வைப்பர். காற்றுத் துப்பாக்கியையும் நெடுநேரம் அழுத்தி வைத்தல் ஆகாது, சுருள்வில் தளர்ந்துவிடும். மனிதரோ சுருள்வில் அல்லர். அழுத்த அழுத்தத் தளர்ந்துபோவாரும் அல்லர். 1976 ஜூன் 25ஆம் நாள் உணவுப் பொருள்களின் விலையேற்றத்தை எதிர்த்து ராடோமின் இத்தொழிலாளரே வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தனர். காற்றுத் துப்பாக்கியை வார்த்த கைகள் அன்று வெறுங்கைகளாகவே உயர்ந்தன. அடிபட்டோர் பலர், வேலையிழந்தோர் பலர். ஆயினும் அரசு விலையேற்றத்தைத் திரும்பப் பெற்றது. அவர்களுக்குத் துணைநிற்க அதே ஆண்டு அறிஞர்கள் அமைத்த குழு, 1980இல் எழுந்த 'ஒற்றுமை' தொழிற்சங்க இயக்கத்திற்கு வழியமைத்தது.

பழைய நிறுவனம் 2000ஆம் ஆண்டில் நொடித்தது. படைக்கலத் தொழில் புதிய நிறுவனத்தின்கீழ் அந்நகரில் தொடர்ந்தது. அன்று உழைத்தவர்களின் பெயர்களை உலகம் அறியாது. அவர்கள் கடைந்த இரும்பும் இழைத்த மரமும் மட்டும் சிலர் இல்லங்களில் எஞ்சியிருக்கின்றன. அவற்றிற்கு எண்ணெயிட்டுக் காப்பவர், பெயர் தெரியாத அத்தொழிலாளர்க்கு ஆற்றும் கடனையே ஆற்றுகிறார். குறி தவறாமல் சுடுவதினும் சிறந்தது, நன்றி தவறாமல் காப்பதன்றோ?